சிறுநீரில் பிஸ்பீனால் அளக்கும் லேப் தெரியுமா?

தங்கை வியாசர்பாடியில் ஒரு கடையில் பில் போடுகிறாள். நாள் முழுக்க கையில் தெர்மல் பேப்பர் ரசீதுதான். அந்தத் தாள் பலவற்றில் ஹார்மோன்களைக் குழப்பும் பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம் உண்டு, தோல் வழியாகவும் உள்ளே போகும் என்று படித்ததிலிருந்து எனக்குத்தான் தூக்கம் போச்சு, அவள் சிரிக்கிறாள்.

பக்கத்து லேபில் கேட்டால் தைராய்டு டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறார்கள். அது ஹார்மோன் அளவு. எனக்கு வேண்டியது உள்ளே போன ரசாயனத்தின் அளவு. டிடிடி பூச்சிமருந்து மாதிரி கொழுப்பில் வருடக்கணக்காகத் தங்குவதை ரத்தத்தில் பார்க்கலாம். பிஸ்பீனால், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் எல்லாம் ஒரே நாளில் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். ஒரு தடவை பிடித்துக் கொடுத்தால் போதாது.

தனியாள் சாம்பிள் வாங்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் (மிகச் சிறு அளவு ரசாயனத்தையும் அளக்கும் முறை) பார்க்கும் லேப் சென்னையில் எங்கே? கொடுங்கையூரிலிருந்து எவ்வளவு தூரமானாலும் சரி. அப்புறம், பிளாஸ்டிக் டப்பாவில் பிடிக்கலாமா, கண்ணாடியா?