இழை: ‘ஓவர்’ என்னும் மற்போர்ச் சொல்லுக்கு ‘எடுபடுதல்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கனடிய மல்லர் ஓவன் ஹார்ட்டைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரைக்குச் சொல் திரட்டும் இந்த இழையில், ‘ஓவர்’ என்பதற்கு இதுவரை ‘புகழ்’, ‘மக்கள் செல்வாக்கு’, ‘வெகுமக்கள் ஈர்ப்பு’ என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் நல்ல தமிழ்தான். ஆனால் ஒவ்வொன்றையும் வைத்து அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் மனிதர் நழுவிவிடுகிறார். ‘செல்வாக்கு’ என்றால் தேர்தலில் நிற்பவர் போல இருக்கிறது. ‘ஈர்ப்பு’ என்றால் அரங்கம் அவரை விரும்பியது என்று பொருள்படுகிறது. 1994-இல் அரங்கம் அவரை விரும்பவில்லை என்பதுதான் செய்தியே.

தொழில்முறை மற்போரில் வெல்பவர் யார் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படுவதால், வெற்றி தோல்விக் கணக்கைக் கொண்டு ஒரு மல்லரின் மதிப்பை அளக்க முடியாது. அவர் நுழைவாயிலில் தோன்றியதும் அரங்கம் என்ன செய்கிறது என்பதே அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பார்க்கும் அளவு. எழுந்து நின்று கைதட்டினாலும் சரி, தொண்டை கிழிய ஏசினாலும் சரி, அவர் ஓவர். தின்பண்டம் வாங்க எழுந்து போய்விட்டார்கள் என்றால் அவர் ஓவர் இல்லை. விருப்பும் வெறுப்பும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்படும் இந்த நிலைக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

ஓவன் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. கனடாவின் கால்கரி நகரில் ஸ்டூ ஹார்ட்டின் 12 பிள்ளைகளில் கடைக்குட்டி. அண்ணன் பிரெட் ஏற்கெனவே உலகப் பட்டம் பெற்றவர். அண்ணன் நிழலில் வளர்ந்த தம்பிக்கு மனம் திரிந்த கதை என்று சொன்னால் நம்மில் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. 1994 ஜனவரியில் அண்ணனின் அடிபட்ட காலை உதைத்துவிட்டு ஒலிவாங்கி முன் வந்து நின்றவர், ஆத்திரத்தில் வாய் குழறி, ‘உன் காலை உன் காலிலிருந்தே உதைத்துத் தள்ளினேன்’ என்று சொல்லிவிட்டார். வேறொருவர் என்றால் அது உளறல் என்று போயிருக்கும். இவர் விஷயத்தில் அதைத்தான் ரசிகர்கள் இன்றுவரை சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

அவ்வாண்டு மார்ச் 20 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த பத்தாம் ரெஸில்மேனியா என்ற பெரும் மற்போர் நிகழ்ச்சியின் முதல் ஆட்டமே அண்ணன் தம்பி ஆட்டம். ஏறத்தாழ 20 நிமிடம் கழிந்த பிறகு, தம்பியின் தோள்மேல் ஏறிய பிரெட் அங்கிருந்து உருண்டு அவரை மடக்கப் பார்க்க, ஓவன் அந்த உருளலுக்கு இடங்கொடாமல் அப்படியே சரிந்து அமர்ந்து, அண்ணனின் தோள்களைத் தரையோடு அழுத்தி ஆட்டத்தை முடித்துவிட்டார். ஆனால் நான் குறிப்பிட விரும்புவது அதற்குப் பிறகு நடந்ததை. அதே இரவின் கடைசி ஆட்டத்தில் பிரெட் யோகோசூனாவை வென்று பட்டத்தைப் பெற, சக மல்லர்கள் வளையத்துக்குள் ஏறிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டு கொண்டாட, ஓவன் நடைபாதையில் தனியாக வந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை. சும்மா நின்றார். அந்த நிற்பு ஒன்றே அடுத்த பல மாதங்களுக்கான கதையை ஓட்டப் போதுமானதாக இருந்தது. ஆகஸ்டில் சிகாகோவில் இருவரும் இரும்புக் கூண்டுக்குள் மோதினார்கள்.

இந்த நிற்புக்குப் பொருந்தும் வினை தமிழில் அன்றாடப் புழக்கத்தில் உள்ளது: எடுபடுதல். ‘அந்த வசனம் எடுபட்டது’, ‘வில்லன் வேடம் அவருக்கு எடுபடவில்லை’, ‘என் பேச்சு வீட்டில் எடுபடாது’ என்று சொல்கிறோம். எடுபட்டது நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி அந்த வினைக்குக் கவலை இல்லை. போய்ச் சேர்ந்ததா, இல்லையா என்பது மட்டுமே அதன் கேள்வி. ‘ஓவர்’ கேட்பதும் அதைத்தான். ஆகவே என் பரிந்துரை ‘எடுபடுதல்’.

இதற்கு இணையாக, ஒரு மல்லரை நிறுவனம் தூக்கிக்காட்டுவதைக் குறிக்கும் ‘புஷ்’ என்பதை ‘முன்னிறுத்தம்’ என்று வைத்துக்கொள்ளலாம். முன்னிறுத்துவது நிறுவனம், எடுபடுவது அரங்கத்தில். இவ்விரண்டையும் பிரித்துவிட்டால், ‘குறைவாக மதிப்பிடப்பட்டவர்’ என்று ஓவனைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் குறை என்னவென்று துல்லியமாகத் தெரிகிறது. உலகப் பட்டத்துக்கு அடுத்த நிலையிலுள்ள இன்டர்காண்டினென்டல் பட்டம் இருமுறை. யோகோசூனாவுடனும் பிரிட்டிஷ் புல்டாக்குடனும் பின்னர் ஜெஃப் ஜாரெட்டுடனும் இணையர் பட்டங்கள். உலகப் பட்டம் ஒருமுறையும் இல்லை. எடுபட்ட அளவுக்கு முன்னிறுத்தப்படவில்லை என்பதே அவர்கள் குறை. நிறுவனம் தன் மல்லர்களுக்கே வழங்கிய ஸ்லாமி விருதுச் சிலைகளைக் கையில் சுமந்துகொண்டு, ‘இருமுறை ஸ்லாமி வென்றவன்’ என்று உலகப் பட்டம் பெற்றவரைப் போல மார்தட்டி வருவார். கிடைத்ததை வைத்து எடுபட வைக்கத் தெரிந்தவர்.

(இடையில் ஒன்று. தொண்ணூறுகளில் பள்ளி இடைவேளையில் நாம் ஆடிய மற்போர்ச் சீட்டுகளில் உயரம், எடை, மார்பளவு, தரவரிசை என்றுதான் கட்டங்கள் இருந்தன. 500 பவுண்டுக்கு மேற்பட்ட யோகோசூனா கையில் இருந்தால் எடைக் கட்டத்தைக் கேட்டே எதிராளியை ஓட்டாண்டியாக்கலாம். எடுபடுதலுக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் ஓவனை யாரும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டோம்.)

‘புகழ்’ ஏன் கூடாது என்பதற்கு வலுவான காரணம் 1997 ஜூலை 6. அதற்குள் அண்ணனும் தம்பியும் சமாதானமாகி ஒரே அணியில் இருந்தார்கள். அன்று அமெரிக்காவில் ஏசப்பட்டுக்கொண்டிருந்த ஹார்ட் குழுவினர் ஐவர், கால்கரியின் சாடில்டோம் அரங்கில் ஸ்டீவ் ஆஸ்டின் அணியை எதிர்கொண்டார்கள். அமெரிக்க அரங்குகளின் நாயகனான ஆஸ்டினை அந்த ஊர் ஏசியது. ஓவன் அவரை மடக்கி ஆட்டத்தை முடித்தபோது கூரை அதிர்ந்தது. மல்லர்களும் கதையும் மாறவில்லை, ஊர் மட்டும் மாறியது. ‘வில்லன்’, ‘நாயகன்’ என்ற பட்டங்கள் எல்லையைக் கடந்ததும் இடம் மாறிக்கொண்டன. எடுபடுதல் இருபுறமும் ஒன்றாகவே இருந்தது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியின் கெம்பர் அரங்கில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரும் நுழைவுக்காட்சியின்போது விழுந்து அவர் இறந்தார். வயது 34. அதன் பிறகு வந்த அன்பும் இரங்கலும் உண்மையானவை. ஆனால் அவை வேறு. ‘புகழ்’ என்று எழுதினால் இறந்தபின் வந்ததையும் இருந்தபோது வந்ததையும் வாசகர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார். ‘அவர் இறந்ததால்தான் கொண்டாடுகிறீர்கள்’ என்ற பழைய குற்றச்சாட்டுக்கும் நாமே கதவைத் திறந்துவிட்டதாக ஆகும்.

கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

மறுமொழி 1

ஐயா, வணக்கம். விளக்கம் மனநிறைவு தந்தது. வினையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதைப் பெயரெச்சமாக்கிப் பார்த்தீர்களா? ‘எடுபட்ட மல்லர்’ என்று எங்கள் ஊர்ப்பக்கம் எழுதினால், ‘எடுபட்ட பயலே’ என்று பாட்டிமார் ஏசுவதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கலைக்களஞ்சியக் கட்டுரையின் முதல் வரியிலேயே ஓவனைத் திட்டிவிட்டோம் என்ற பெயர் நமக்கு வேண்டாம். மேம்படு, மேம்பாடு, பயன்படு, பயன்பாடு என்ற வழியில் ‘எடுபாடு’ என்று பெயராக்கிக்கொள்ளலாமே. ‘எடுபாடு மிக்க மல்லர்’ என்றால் வசை ஒழிகிறது.

வில்லனாக வரும் மல்லரைக் குறிக்கும் ‘ஹீல்’ என்பதற்குக் ‘கள்ளபார்ட்’ என்று முன்பு ஒரு நண்பர் எழுதியிருந்தார். நாடகமேடைச் சொல்லை மீட்கும் ஆசை எனக்கும் உண்டு. இருப்பினும் கள்ளபார்ட் திருடன் வேடம். ஓவன் எதையும் திருடவில்லை, பொறாமைப்பட்டார். ‘வில்லன்’ தமிழாகிவிட்ட சொல்தான், அதுவே இருக்கட்டும்.

மறுமொழி 2

அம்மா, அந்த வசை என் நினைவுக்கு வராமற்போனது என் தவறு. சிறுவயதில் அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். ‘எடுபாடு’ சிறப்பாக இருக்கிறது. ‘ஈடுபாடு’ என்பதோடு ஓரெழுத்து வேறுபாடுதான் என்பதால் தட்டச்சில் பிழை நேரும், பிழைதிருத்தி மென்பொருளும் தன் பங்குக்கு மாற்றிவைக்கும் என்ற அச்சம் மட்டும் உண்டு. எனவே பெயர்ச்சொல்லாக வேண்டிய இடங்களில் மட்டும் ‘எடுபாடு’ என்றும், மற்ற இடங்களில் எடுபட்டார், எடுபடவில்லை என்று வினைமுற்றாகவும் எழுதலாம். பெயரெச்சத்தை அறவே தவிர்த்துவிடுவோம்.

கட்டுரையின் இரண்டாம் வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: ‘நிறுவனத்தின் முன்னிறுத்தம் குறைவாக இருந்தும், 1994 முதல் 1997 வரை வில்லனாகவும் சொந்த ஊரில் நாயகனாகவும் ஓவன் ஹார்ட் அரங்குகளில் எடுபட்டார்.’ மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையேல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.