மறு: பிரேக் பேட், ரோட்டர்: "தேய்கட்டை" சரிவருமா?

நண்பர்களே, வணக்கம்.

கார் பிரேக் பாகங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில், பிரேக் பேடுக்கு "நிறுத்தத் திண்டு" என்று நேற்று ஒரு பரிந்துரை வந்தது. திண்டு என்றதும் எனக்குச் சாய்ந்து உட்காரத்தான் தோன்றுகிறது. பிரேக் பேடில் மெத்தென்று எதுவும் கிடையாது. எஃகுத் தகடு ஒன்று, அதன்மேல் கெட்டியாக ஒட்டிய உராய்வுப் பொருள். புதிதில் சுமார் 10 முதல் 12 மி.மீ. கனம் இருக்கும். 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றச் சொல்வார்கள்.

என் பரிந்துரை: தேய்கட்டை.

சைக்கிள் கடையில் "பிரேக் கட்டை" என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். ஆக, பாதிச் சொல் ஏற்கெனவே ஊரில் புழங்குகிறது. முன்னால் 'தேய்' சேர்த்தால் வினைத்தொகை. தேய்ந்த, தேய்கின்ற, தேயும் என்று முக்காலமும் அதற்குள் அடங்கிவிடும். தேய்வதற்கென்றே செய்த பாகத்துக்கு வேறென்ன பெயர் வேண்டும்? சந்தனக்கட்டையையும் கல்லையும் நினைத்துக்கொள்ளுங்கள். கட்டை சீக்கிரம் கரையும். கல்லும் தப்பாது, வருஷக்கணக்கில் நடுவே குழி விழும். பேடுகள் இருபுறமும் கவ்வும் சுழல் தகடான ரோட்டரின் கதையும் அதுதான். எவ்வளவு மெலியலாம் என்ற எல்லை பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். பல கார்களில் புதிய கனத்தைவிட 2 மி.மீ. அளவுதான் குறைவு.

'கட்டை'யில் இன்னொரு வசதி, முன்னொட்டு எளிதாக ஏறும். இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் காரைப் பார்த்த மெக்கானிக், வீல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு "பேட் இன்னும் இருக்கு சார்" என்றார். இரண்டே வாரத்தில் கரகரவென்று சத்தம். கழற்றினால் வெளிக்கட்டை பாதிக்குமேல் இருக்கிறது, உட்கட்டை தகடுவரை தேய்ந்து ரோட்டரில் கோடு கிழித்திருக்கிறது. பேடுகளைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி (pin) துருவேறி இறுகிவிட்டதாம். பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்பக்கம் மட்டும் இருக்கும் காலிப்பரில் அந்தக் கம்பி இறுகினால், உட்கட்டைதான் முழு அடியையும் வாங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உட்கட்டை, வெளிக்கட்டை என்று இரண்டு சொல் வாயில் இருந்திருந்தால் "எந்தப் பேட்?" என்று அன்றே கேட்டிருப்பேன்.

ரோட்டருக்குச் "சுழலி" வேண்டாம். மின்மோட்டாரில் சுழலி, நிலையி என்று ஜோடியாக வழங்கும் சொல் அது. மின்சாரக் காரில் இரண்டும் இருக்கும். "சுழலியை மாற்று" என்றால் எதைக் கழற்றுவது? நம் ஊரில் யாரும் ரோட்டர் என்று சொல்வதும் இல்லை, டிஸ்க்தான். வட்டு போதும். நடுவில் காற்றுப்போகும் இடைவெளி உள்ளதைக் காற்றோட்ட வட்டு எனலாம்.

பிரேக்கைப் பிரேக்காகவே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. அடிக்க வருபவர்கள் வரலாம்.

அன்புடன்.

---

ஐயா, வணக்கம்.

தேய்கட்டை நன்றாக இருக்கிறது. இரண்டு ஐயம். முட்டுக்கட்டை என்ற பழஞ்சொல் இருக்கும்போது புதிது எதற்கு? திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் (BHEL) நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டை போடுவது நிற்கவில்லையே. அடுத்தது, பின்சக்கர டிரம்மில் இருக்கும் லைனரும் தேய்வதுதான். அதற்கு என்ன பெயர்?

---

நல்ல கேள்விகள்.

முட்டுக்கட்டை சக்கரத்தின் அடியில் ஆப்புபோல் நுழைந்து மறிப்பது. பேட் மறிப்பதில்லை, இரண்டு பக்கமும் கவ்வி உரசுகிறது; வண்டியின் வேகம் சூடாக மாறி வெளியேறுகிறது. வேலை வேறு. போதாக்குறைக்கு, "திட்டத்துக்கு முட்டுக்கட்டை" என்று செய்தித்தாள்கள் அந்தச் சொல்லைக் கொண்டுபோய்விட்டன.

லைனர், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் வளைவில் பட்டையாக ஒட்டியிருப்பது. தேய்பட்டை என்று வைத்தால் கட்டையும் பட்டையும் ஜோடி சேர்ந்துவிடும். (எதுகைக்காகச் சொல்லவில்லை, அதுவாக அமைந்தது.)

கவ்வும் வேலையைச் சொன்னதால் காலிப்பருக்குக் கவ்வி. சைக்கிள் கடையிலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். ரிம் நெளிந்தால் "கோட்டம் எடுக்கணும்" என்பார்களே, வட்டு சுழலும்போது பக்கவாட்டில் ஆடுவதற்கும் கோட்டம் பொருந்தும். 0.1 மி.மீ. கோட்டமே பல கார்களுக்கு அதிகம். பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கும்போது "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பது எப்போதும் உண்மையல்ல. கட்டையின் பொருள் வட்டில் திட்டுத்திட்டாய் ஒட்டியிருந்தாலும், வட்டின் கனம் இடத்துக்கு இடம் மாறினாலும் நடுக்கம் வரும்.

நான் கட்டாயம் மாற்றச் சொல்வது "பிரேக் ஆயில்" என்ற பெயரைத்தான். புட்டியில் டாட் 3, டாட் 4 என்று தரம் எழுதி வரும் எதுவும் எண்ணெயே அல்ல, கிளைக்கால் (glycol) வகைத் திரவம். பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல்கள் உப்பிப் பிரேக் கெட்டுவிடும். "பிரேக் பாய்மம்" என்று பாடநூல் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமா, "பிரேக் திரவம்" போதுமா?

கட்டை மெலிந்ததும் வட்டில் உரசிக் கீச்சிடும் சின்னத் தகட்டு நாக்குக்கு யாராவது பெயர் சொல்லுங்கள். "தேய்வுணர்த்தி" என்று எழுதிப் பார்த்தேன், அரசாணைபோல் இருக்கிறது. "கீச்சுநாக்கு" என்றால் சிரிப்பீர்களோ?