ஆறு வயது மகளும் அரபிக் குத்தும்: என்ன செய்யலாம்?

பனியன்காரன், திருப்பூர்:
மகளுக்கு ஆறு வயது. மாதம் ஒருமுறை திண்டுக்கல்லில் மாமியார் வீட்டுக்குக் காரில் போவோம். பென் டிரைவ் முழுக்க எண்பதுகளின் ராஜா பாட்டு. தாராபுரம் வருவதற்குள் பின் சீட்டிலிருந்து குரல் வந்துவிடும்: “அப்பா, அரபிக் குத்து!” போன ஞாயிறு திரும்பும்போது மட்டும் பதினோரு தடவை ஓடியது. எண்ணினேன். 2022-இல் வந்த பாட்டு, இன்னும் விட மாட்டேன் என்கிறாள். அர்த்தம் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்ல பாட்டுப் பக்கம் திருப்புவது எப்படி? திட்டிப் பார்த்தாயிற்று, வேலைக்கு ஆகவில்லை.

பாட்டு டீச்சர்:
அர்த்தம் இல்லாததால்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறது சார். என் வகுப்பில் சரளி வரிசைக்குத் தூங்கி வழியும் வாண்டுகள், ‘தகதிமி தகஜுணு’ என்றால் நிமிர்ந்து உட்காரும். அதற்கு மட்டும் என்ன அர்த்தம்? வாய்க்குள் உருளும் சத்தம், கை தட்ட ஒரு இடம், அவ்வளவு போதும். பதினோரு தடவை கேட்பதும் அப்படித்தான். அடுத்து என்ன வரும் என்று முன்னாலேயே தெரிவதில் ஒரு குஷி. ஒரே கதையைத் தினமும் கேட்பதில்லையா?

சேலம் 84:
நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது ‘காதலன்’ வந்தது, 1994. நாள் பூரா முக்காலாதான். “இது என்ன பாஷைடா?” என்று அப்பா டேப்பை நிறுத்தினார். எழுதியது வாலி என்று எங்கள் தெரு கேசட் கடை அண்ணன்தான் சொன்னார். எம்.ஜி.ஆர். பாட்டுக்காக அப்பா தலையில் வைத்துக் கொண்டாடிய அதே வாலி! அப்போது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். மறுப்பு வரவில்லை. ஆனால் டேப்பையும் திரும்பப் போடவில்லை.

தோட்டத்துப் பேத்தி, கூடலூர்:
2021-இல் என் மகன் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தாலே மெத்தையில் குதிப்பான். குயில் மாதிரிக் கூவும் இடம் மட்டும்தான் அவனுக்குப் பாட்டு. சில மாதம் கழித்து, “வீடியோவில் வர்ற அந்தப் பாட்டி யாரு?” என்றான். அதைப் பாடிய பாடகர் அறிவு இருக்கிறாரே, அவருடைய பாட்டி, இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர் என்றேன். “நம்ம பாட்டி மாதிரியா?” என்றான். என் அம்மாவும், தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவர்தான். அன்று ராத்திரி அம்மா அவனுக்குக் கொழுந்து பறித்த கதை சொன்னார். நான் திட்டி நிறுத்தியிருந்தால்... சரி, விடுங்கள்.

பனியன்காரன்:
எல்லாருக்கும் நன்றி. இப்போது ஒரு பேரம்: தாராபுரம் வரை என் பாட்டு, அப்புறம் அவள் பாட்டு. நேற்று என் பங்கு ஓடும்போது கேட்டாள்: “நடுவுல யாருமே பாடாம வயலின் மட்டும் வருதே, அங்க எப்படிப்பா ஆடுறது?” எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டீச்சர், நீங்கள் சொல்லுங்கள்.