தலையில் அடிபட்ட பிறகு பொருளின் பெயர் வாயில் வரவில்லை, வீட்டில் எப்படிப் பழக்குவது?

கடைவீதி:
என் கணவர் திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். சித்திரையில் பைக்கிலிருந்து விழுந்து தலையின் இடப்பக்கம் அடி. நடை, கை எல்லாம் தேறிவிட்டது. பேச்சும் ஓடுகிறது, பெயர் வரும் இடத்தில் மட்டும் நின்றுவிடுகிறது. கீல் வேண்டுமென்றால் "கதவைத் தாங்குமே, அது" என்கிறார். எந்தத் தட்டு, என்ன அளவு, என்ன விலை, எல்லாம் தெரியும். ஸ்பீச் தெரபியில் யானை, ஆப்பிள் படம் காட்டிக் கேட்கிறார்கள். வீட்டில் நான் பெயரை உடனே சொல்லிவிடலாமா, காத்திருக்கணுமா?

பேச்சுப் பயிற்சியாளர்:
அவர் சுற்றி வளைத்துச் சொல்வது நல்ல அறிகுறி அம்மா. பொருள் மனதில் இருக்கிறது, ஒலிதான் கிடைக்கவில்லை. அதனால் முதலில் கேள்வி கேளுங்கள்: எதற்கு உதவும், எங்கே மாட்டுவோம், எதனால் செய்தது, கூட என்ன வாங்குவார்கள்? வராவிட்டால் "கீ..." என்று முதல் ஒலி. அதற்கும் வராவிட்டால் முழுதாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

ஞாபக மறதியும் இருக்கிறதா? இருந்தால் ஊகிக்க விடாதீர்கள், தப்பான சொல்லே பதிந்துவிடும். பெயரை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

பழக்கிய சொற்கள்தான் நன்றாகத் தேறும், பழக்காதவற்றுக்கு அந்தப் பலன் அவ்வளவாகப் பரவாது. ஆகவே யானை வேண்டாம். கடைச் சாமான்களைப் போட்டோ எடுத்து உங்கள் தெரபிஸ்டிடம் கொடுங்கள்.

ஒயர்மேன்:
எனக்கும் தலைக்காயத்துக்குப் பிறகு இதே பாடுதான். பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொண்டு சொன்னால், தேடிக்கொண்டிருந்த சொல் அறுந்துபோகும். சாயங்காலக் களைப்பில் இன்னும் மோசம். காலையில், டிவியை அணைத்துவிட்டுப் பழகுங்கள் அக்கா. கடையில் "கதவைத் தாங்குமே" என்றால் அப்படியே சொல்லட்டும், யாரும் திருத்த வேண்டாம். வியாபாரம் அதிலேயே நடக்கும்.

கடைவீதி:
மறதி இல்லை, நேற்று வந்த சரக்கு வரை சொல்கிறார். கீல், தாழ்ப்பாள், திருப்புளி எல்லாம் அவரே படம் எடுத்துவிட்டார். எங்கள் மகள் பெயரும் சில நாள் வருவதில்லை, குழந்தை அழுதுவிடுகிறாள். அதற்கும் இதே கேள்விகள்தானா?

பேச்சுப் பயிற்சியாளர்:
ஆட்பெயருக்கு அவை அவ்வளவாக உதவாது. எதற்கு உதவும், எதனால் செய்தது என்று கேட்க அதில் ஒன்றுமில்லையே. மகளின் போட்டோ, கீழே பெரிதாகப் பெயர். படித்துச் சொல்லட்டும், பிறகு பெயரை மறைத்து, முதல் எழுத்தை மட்டும் காட்டுங்கள். மகளையே கூட உட்கார வையுங்கள், அப்பாவுக்கு முதல் எழுத்தை அவளே சொல்லிக் கொடுக்கட்டும்.