சேவ் பெட்டியில் பழைய ஃபைல் பெயர்கள் வராமல் செய்வது எப்படி?

பன்சொடான் ஜெராக்ஸ்:
வணக்கம். யாங்கோனில் ஜெராக்ஸ், பிரிண்ட் கடை. விண்டோஸ் 10 ஹோம். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரே கணக்குதான். சேவ் ஆஸ் பெட்டியில் பெயர் போட ஓர் எழுத்தைத் தட்டினாலே முன்பு வந்தவர்களின் ஃபைல் பெயர்கள் வரிசையாக இறங்குகின்றன. பாஸ்போர்ட், அடையாள அட்டை, குடும்பப் பட்டியல், ஆள் பெயரோடு. குயிக் ஆக்சஸில் ரீசன்ட் ஃபைல்ஸ் டிக்கை எடுத்து, கிளியரும் கொடுத்தாயிற்று. அப்படியேதான் இருக்கிறது.

மோல்மேன்காரன்:
குரூப் பாலிசியில் (விண்டோஸில் எது நடக்கலாம், கூடாது என்று கட்டுப்படுத்தும் இடம்) இதற்கென்றே ஒன்று இருக்கிறது அண்ணே: நோஃபைல்எம்ஆர்யு. ஹோம் எடிஷனில் பாலிசி எடிட்டர் கிடையாது, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) கையால் 1 என்று போடலாம்.

கீபோர்டு:
அது உதவாது தம்பி. அந்தப் பாலிசியின் விளக்கத்தையே படித்துப் பாருங்கள்: எக்ஸ்பி பாணி பெட்டிக்கு மட்டும்தான் செல்லும், விஸ்டா முதல் வந்த புதுப் பெட்டிக்குச் செல்லாது. இன்றைய நோட்பேட், குரோம் எல்லாம் திறப்பது புதுப் பெட்டி. குயிக் ஆக்சஸ் டிக்கும் இந்தப் பெயர் வரிசையைத் தொடாது.

பெயர்கள் வருவது இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று, ரெஜிஸ்ட்ரியில் சேரும் பட்டியல். மற்றது, அந்த நேரத்தில் திறந்திருக்கும் ஃபோல்டரில் கிடக்கும் ஃபைல்கள். இரண்டையும் ஒன்றாக மறைக்க:

விண்டோஸ் சாவியோடு ஆர் தட்டி, ரெஜ்எடிட் என்று கொடுத்து ரெஜிஸ்ட்ரியைத் திறங்கள். அதில் இந்த வரிசையில் உள்ளே போங்கள்: ஹெச்கீ கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், ஆட்டோகம்ப்ளீட் (AutoComplete). கடைசிக் கீ (ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டர் போன்றது) இல்லையென்றால் உருவாக்குங்கள். அதற்குள் ஆட்டோசஜஸ்ட் (AutoSuggest) என்று ஒரு ஸ்ட்ரிங் வேல்யூ, மதிப்பு "நோ" (no). பெயர்களை ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். பலர் டிவேர்ட் (எண் மதிப்பு) போட்டு 0 கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். இது எழுத்து மதிப்பு. சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள். வாடிக்கையாளர் உட்காரும் அதே கணக்கில் செய்ய வேண்டும், அட்மின் கணக்கில் செய்தால் அங்கே மட்டும்தான் மாறும்.

தட்டோன்:
மறைத்தால் போதாது, பட்டியல் உள்ளேயே இருக்கும். அதே எக்ஸ்ப்ளோரர் கீயின் கீழ் காம்டிஎல்ஜி32 (ComDlg32) என்று ஒன்று. அதில் ஓப்பன்சேவ்பிட்ல்எம்ஆர்யு (OpenSavePidlMRU) கீயில் பிடிஎஃப், ஜேபிஜி என ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருக்கும். முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொண்டு அதை அழியுங்கள். அடுத்த சேவில் விண்டோஸே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் லாஸ்ட்விசிட்டட்பிட்ல்எம்ஆர்யு (LastVisitedPidlMRU), எந்த புரோகிராம் கடைசியாக எந்த ஃபோல்டரில் நின்றது என்பதை வைத்திருக்கும். அதையும் அழித்தால்தான் அடுத்தவருக்கு முந்தையவரின் ஃபோல்டர் திறக்காது.

தினமும் செய்ய, இந்த இரண்டு கீக்களையும் அழிக்கும் ரெக் டெலீட் கட்டளைகளை ஒரு பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதி, கணக்கில் நுழையும்போது தானே ஓடும்படி ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போடுங்கள். கணினியை அணைக்கும்போது ஓடும்படி வைக்காதீர்கள். நம் ஊரில் மின்சாரம் போனால் அது ஓடவே ஓடாது.

வேர்டுக்குத் தனிப் பட்டியல் உண்டு: ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, டிஸ்ப்ளே பகுதியில் ரீசன்ட் டாக்குமென்ட்ஸ், ரீசன்ட் ஃபோல்டர்ஸ் இரண்டையும் 0 ஆக்குங்கள்.

பன்சொடான் ஜெராக்ஸ்:
ஆட்டோசஜஸ்ட் வேலை செய்கிறது, நன்றி. ஆனால் ரன் பெட்டியிலும் முகவரிப் பட்டையிலும்கூட பரிந்துரை நின்றுவிட்டதே?

கீபோர்டு:
மூன்றுக்கும் ஒரே சுவிட்ச்தான். முகவரிப் பட்டையில் பரிந்துரை வேண்டுமானால் ஆட்டோசஜஸ்ட்டை விட்டுவிட்டு தட்டோன் சொன்ன பேட்ச் ஃபைலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு வந்தவர்களின் பெயர்கள் அன்று முழுக்கத் தெரியும், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் விட்டுப்போன ஃபைல்களின் பெயர்களும் வரும். வாடிக்கையாளர் கணினிக்கு நான் ஆட்டோசஜஸ்ட்டையே வைத்திருப்பேன்.