4×5 கேமராவில் குவியம் பின்னால் விழுவது ஏன்?

கேள்வி:
4×5 அங்குலத் தாள் ஃபிலிமில் படமெடுக்கும் பழைய மடிப்புக் கேமரா ஒன்றை வாங்கியுள்ளேன். 150 மி.மீ. லென்ஸை எஃப் 5.6-இல் முழுதாகத் திறந்து, ஒன்றரை மீட்டர் தொலைவில் சாய்த்து வைத்த அளவுகோலின் நடுக்கோட்டை உருப்பெருக்கியால் பார்த்துக் குவித்தாலும், கழுவிய நெகட்டிவில் அதற்கு எட்டு, பத்து சென்டிமீட்டர் பின்னாலுள்ள எண்களே கூர்மையாகத் தெரிகின்றன. ஃபிலிமை வைத்துச் செருகும் ஹோல்டரை மாற்றினாலும் இதே கதைதான். எங்கே தேடுவது?

மறுமொழி 1:
எல்லா ஹோல்டரிலும் பிழை ஒரே திசையில் விழுவதால் ஃபிலிம் நெளிவையோ நடுக்கத்தையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. பிம்பத்தைப் பார்த்துக் குவிக்கும் சொரசொரப்பான கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸ்தான் ஃபிலிம் தளத்தைவிடப் பின்னால் இருக்கிறது. அதன் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கியுள்ளதா என்று நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். பளபளப்பான பக்கத்தில் நகம் வழுக்கும்.

கேள்வி கேட்டவர்:
சொரசொரப்புப் பக்கம் சரியாகவே உள்ளது. ஆனால் அதற்கு முன்னால் பிம்பத்தை வெளிச்சமாகக் காட்டும், வளையக் கோடுகள் கொண்ட ஃபிரெனல் தகடு ஒன்று செருகப்பட்டிருக்கிறது.

மறுமொழி 2:
ஐயம் அதன்மேல்தான். 1.5 மி.மீ. தகடு கண்ணாடியை அவ்வளவு பின்னே தள்ளும். தகட்டினுள் ஒளி விலகுவதால் பிம்பமும் அதில் மூன்றில் ஒரு பங்கு பின்வாங்கும். மிஞ்சும் பிழை ஏறத்தாழ 1 மி.மீ., நீங்கள் சொல்லும் தொலைவுக்கு அது பொருந்துகிறது. சில கேமராக்களில் தகடு முன்னால் இருப்பதே தயாரிப்பாளரின் அமைப்பு என்பதால் அவசரப்படாமல், தகட்டை எடுத்துவிட்டு, ஹோல்டர் அமரும் விளிம்பிலிருந்து சொரசொரப்புப் பரப்பு வரை நான்கு மூலைகளிலும் ஆழமானியால் அளந்து பாருங்கள். ஹோல்டரில் ஃபிலிம் அமரும் ஆழமான 4.8 மி.மீ. அளவில் வந்தால், தகட்டைக் கண்ணாடிக்குப் பின்னால், கண் பக்கமாக வைத்துக்கொள்ளலாம்.