12 வயது மகளைத் தோழிகள் ஒதுக்கும்போது பெற்றோர் எவ்வளவு தூரம் தலையிடலாம்?

கேள்வி: ஒரு தாய்

வணக்கம். என் மகளுக்கு 12 வயது நடக்கிறது. தொடக்கப் பள்ளியிலிருந்தே அவளும் இன்னும் மூன்று சிறுமிகளும் இணைபிரியாமல் இருந்துவந்தார்கள். இந்தக் கல்வியாண்டு தொடங்கிய பிறகு அந்த மூவரும் இவளைச் சிறிது சிறிதாக விலக்கிவிட்டார்கள். அடிதடி எதுவும் இல்லை. வெளிப்படையான சண்டையும் இல்லை. இடைவேளையில் இவள் அருகே சென்றால் பேச்சு நின்றுவிடுகிறது. நால்வரும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் இப்போது யாரும் எழுதுவதில்லை. மற்ற மூவரும் தனியாக ஒரு குழுவை வைத்திருப்பது இவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தியின் பிறந்தநாளுக்கு இவளை அழைக்கவில்லை என்பதையும், மற்றவர்கள் பகிர்ந்த படங்களைப் பார்த்த பிறகுதான் அறிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கேட்டால் "ஒன்றுமில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தம்பியிடம் எரிந்து விழுகிறாள். சற்று நேரத்தில் என் மடியில் வந்து படுத்துக்கொள்கிறாள். வகுப்பில் மற்றவர்களைவிட உயரமாக வளர்ந்துவிட்டதால் தோள்களைக் குறுக்கிக்கொண்டே நடக்கிறாள்.

இந்த வயதில் எல்லாருக்கும் நடப்பதுதான், தானாகச் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். எனக்கோ அந்தச் சிறுமிகளில் ஒருத்தியின் தாயாரிடம் நேரில் பேசிவிடலாமா என்று தோன்றுகிறது; அவர் எனக்கு நன்கு பழக்கமானவர். பேசுவது சரியாக இருக்குமா? மகளிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: பள்ளி மனநல ஆலோசகர்

அம்மா, தங்கள் மகளுக்கு நேர்ந்திருப்பதைச் சிறுபிள்ளைச் சச்சரவு என்று ஒதுக்கிவிடாமல் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

நவோமி ஐசன்பெர்கர், மேத்யூ லீபர்மன், கிப்லிங் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் 2003-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினித் திரையில் மூவர் பந்தை மாற்றி மாற்றி எறியும் எளிய விளையாட்டு அது. ஆய்வுக்கு வந்தவருக்கு மட்டும் பாதியில் பந்து வருவதை நிறுத்திவிட்டு அவருடைய மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, உடல்வலியால் துன்புறும்போது இயங்கும் பகுதிகளுள் ஒன்று அப்போதும் இயங்குவது தெரிந்தது. அந்தப் பகுதிக்கு வேறு பல வேலைகளும் உண்டு என்பதால் இரண்டு வலியும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், முகம் தெரியாத இருவர் சில நிமிடங்கள் பந்து தராததே வளர்ந்தவர்களை இவ்வளவு பாதிக்குமானால், பல ஆண்டுகள் உடனிருந்த மூவர் நாள்தோறும் முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒரு குழந்தையை எவ்வளவு வருத்தும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உயரத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பருவமாற்றங்கள் பெண்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன. இந்த இடைவெளி பெரியது என்பதால், ஒரே வகுப்பில் உடலளவில் சிறுமியாகவே இருப்பவளும் ஏறத்தாழ முழுதாக வளர்ந்துவிட்டவளும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பார்கள். முந்திக்கொண்டவளுக்கும் பிந்தியவளுக்கும் ஒரேபோலக் கூச்சம் இருக்கும். இந்த வயதில் பிள்ளைகள் எல்லாருடைய கண்ணும் தம்மீதே இருப்பதாக எண்ணிக்கொள்வதை டேவிட் எல்கைண்ட் என்னும் உளவியலாளர் 1967-இல் விளக்கி, அதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயர் கொடுத்தார். உங்கள் மகள் தோள்களைக் குறுக்கிக்கொள்வது பெரும்பாலும் அந்தப் பார்வையாளர்களுக்காகவே. "யாரும் உன்னைப் பார்க்கவில்லை" என்று நாம் சொன்னால், இவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்ற முடிவுக்குத்தான் அவள் வருவாள்.

எரிந்து விழுவதும் மடியில் படுப்பதும் நடிப்பல்ல. உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் பருவமடையும் காலத்திலேயே வேகம் கொண்டுவிடுகின்றன. அவற்றை நெறிப்படுத்தும் நெற்றிப்புற மூளையோ ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

தங்கள் கணவர் கூறுவதில் ஒரு பகுதி உண்மை. இந்த வயதில் நட்புகள் கலைந்து புதிதாகச் சேர்வது மிகவும் சாதாரணம். ஆனால் 'எல்லாருக்கும் நடப்பதுதான்' என்ற எண்ணத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஸ்டான்லி ஹால் என்னும் உளவியலாளர் 1904-இல் வெளியிட்ட நூலில் வளரிளம் பருவத்தைப் புயலும் கொந்தளிப்புமான காலம் என்று வருணித்தார். பின்னாளில் டேனியல் ஆஃபர் போன்றவர்கள் ஆராய்ந்தபோது, பெரும்பாலான பிள்ளைகள் பெரிய கொந்தளிப்பு எதுவும் இல்லாமலே இந்தப் பருவத்தைக் கடப்பது தெரியவந்தது. ஆகையால் ஒரு பிள்ளை உண்மையாகவே துன்பப்படும்போது, அதை வயதின் கணக்கில் எழுதிவிட்டுக் காத்திருப்பது சரியல்ல.

அந்தத் தாயாரிடம் இப்போது பேச வேண்டாம் என்பதே என் கருத்து. எந்தத் தாயும் தன் மகளின் பக்கம்தான் நிற்பார். மறுநாளே செய்தி அந்த மூவரையும் எட்டும். அம்மாவிடம் சொல்லிக்கொடுத்தவள் என்ற பெயரும் தங்கள் மகளுக்குச் சேரும். எதைச் செய்வதானாலும் அவளிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தன் கதை தன்னை மீறி வெளியே போகிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த முறை அவள் வாய் திறக்கமாட்டாள்.

பதில் 2: 13 வயது மகனின் தந்தை

என் மகனுக்கும் சென்ற ஆண்டு இதே நிலைதான் ஏற்பட்டது. ஆனால் பையன்களிடம் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அவன் அழவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. கால்பந்துப் பயிற்சிக்கு வயிற்றுவலி என்று சொல்லிச் சொல்லி நின்றுவிட்டான். குழுவில் சேர்த்துக்கொள்ளாததால்தான் அந்த வயிற்றுவலி என்பது மிகவும் பிந்தியே தெரிந்தது.

பேச்சைத் தொடங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்பதை விடுங்கள். அது அவர்களுக்கு விசாரணையாகத் தோன்றுகிறது. வண்டியில் போகும்போதோ, பாத்திரம் துலக்கும்போதோ, இருவர் கண்ணும் வேறெங்கோ இருக்கும்போது கேட்டால் பதில் வருகிறது. வந்த பிறகு குறுக்கே பேசாமல் இருப்பதுதான் பெரிய வேலை. "நீ என்ன செய்தாய், அவர்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள்?" என்று கேட்டுவிட்டால், குற்றம் தன்மேல் சுமத்தப்படுவதாகவே பிள்ளை எடுத்துக்கொள்ளும். "அது உனக்கு மிகவும் வலித்திருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சற்று அமைதியாக இருந்தால் போதும். மீதியை அவர்களே சொல்வார்கள்.

மற்றொன்று, பள்ளிக்கு வெளியே ஓரிடம். என் மகன் ஒரு சதுரங்க வகுப்பில் சேர்ந்தான். அங்கே யாருக்கும் அவனுடைய வகுப்புக் கதை தெரியாது. ஒரே ஒரு நண்பன் கிடைத்தான். அந்த ஒருவனே போதுமானவனாக இருந்தான்.

பதில் 3: நடுநிலைப் பள்ளி ஆசிரியை

ஆலோசகர் எழுதியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பள்ளியைப் பற்றி அவர் எதுவும் சொல்லாமல் விட்டது எனக்குக் குறையாகத் தெரிகிறது. அந்தத் தாயாரிடம் பேச வேண்டாம், சரி. வகுப்பாசிரியரிடம் அவசியம் பேச வேண்டும். ஒதுக்கிவைத்தல் ஆசிரியர்களின் கண்ணில் படாமல் நடக்கும் கொடுமை. அடித்தால் காயம் இருக்கும், திட்டினால் சாட்சி இருக்கும். பேச்சை நிறுத்திக்கொள்வதற்கு என்ன சாட்சி?

துன்புறுத்தல் பற்றிய ஆய்வுகளுக்கு முன்னோடியான டான் ஓல்வியஸ் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பாதிக்கப்படுபவர் எதிர்த்து நிற்க முடியாதபடி பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. இரண்டு தோழிகளுக்குள் மனத்தாங்கல் வந்து விலகினால் அது துன்புறுத்தல் ஆகாது. மூவர் சேர்ந்து ஒருத்தியைத் திட்டமிட்டுத் தொடர்ந்து தனிமைப்படுத்தினால் அந்த மூன்று அடையாளமும் பொருந்திவிடும். அப்போது பள்ளி தலையிட்டே ஆக வேண்டும்.

ஆசிரியரிடம் போகும்போது அந்த மூவரைத் தண்டிக்கச் சொல்லாதீர்கள். நால்வரையும் கூட்டிவைத்துச் சமாதானம் பேசச் சொல்லவும் வேண்டாம். பலர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கவைத்த பிறகு அந்தப் பிள்ளையின் நிலை மேலும் மோசமானதை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் சத்தமில்லாமல் செய்யக்கூடியவை பல உண்டு. இருக்கைகளை மாற்றலாம். குழுப்பணிக்கு ஆள்சேர்ப்பதை மாணவர்களிடம் விடாமல் நாங்களே பிரித்துக்கொடுக்கலாம். இவளைப் போலவே தனித்திருக்கும் இன்னொரு சிறுமி எந்த வகுப்பிலும் இருப்பாள். அந்த இருவருக்கும் சேர்த்து ஒரு பொறுப்பைக் கொடுக்கலாம். மகளின் ஒப்புதலோடு, அவள் எதை வெளியே சொல்ல வேண்டாம் என்கிறாளோ அதை மட்டும் விட்டுவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

பதில் 4: கல்லூரி மாணவி

நான் 11 வயதில் இதே நிலையில் இருந்தவள். என் அம்மா செய்த ஒரு நல்ல காரியத்தை மட்டும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். அவர் அந்தத் தோழிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தவறாகப் பேசவில்லை. அடுத்த ஆண்டு அவர்களில் ஒருத்தி திரும்பி வந்து பேசியபோது, அதை நான் வீட்டில் தயங்காமல் சொல்ல முடிந்தது. அம்மா அன்று அவளைத் திட்டியிருந்தால் மறைத்திருப்பேன்.

இன்னொன்று கைபேசி. இரவில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, நானில்லாத படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதைப் பிடுங்கியிருந்தால், என்னிடம் எஞ்சியிருந்த கொஞ்சத்தையும் பறித்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் உட்பட எல்லாருடைய கைபேசியும் இரவு கூடத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. எல்லாருக்கும் பொதுவான விதி என்பதால் எனக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை.

கேள்வி கேட்ட தாய்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு சமையலறையில் ஏதோ வேலையாக இருந்தபோது, விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போக வேண்டாம் போலிருக்கிறது என்று அவளாகவே சொன்னாள். கொஞ்சம் அழுதாள். வகுப்பாசிரியரிடம் பேசச் சம்மதித்திருக்கிறாள். பிறந்தநாள் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதை மட்டும் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

பதில்: பள்ளி மனநல ஆலோசகர்

ஆசிரியை சுட்டிக்காட்டிய குறையை ஏற்கிறேன். வகுப்பாசிரியரிடம் பேச எடுத்த முடிவு நல்லது.

துயரமான நாள்கள் வந்துபோவது வேறு, துயரம் விலகாமல் தங்கிவிடுவது வேறு. இரண்டு வாரங்களுக்கும் மேலாக நாள்தோறும் சோர்வாகவோ எரிச்சலாகவோ இருத்தல், விரும்பிச் செய்துவந்தவற்றில் நாட்டம் போய்விடுதல், உணவும் உறக்கமும் குறிப்பிடத்தக்க அளவில் மாறுதல், படிப்பு திடீரெனச் சரிதல், பள்ளி நாள்களில் மட்டும் வரும் தலைவலியும் வயிற்றுவலியும், பள்ளிக்குப் போக அடியோடு மறுத்தல் ஆகியவற்றுள் சில சேர்ந்து தென்பட்டால் காத்திருக்க வேண்டாம். 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 வயதிலிருந்து 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. பருவமடையும்போது உடலின் உறக்கக் கடிகாரமே சற்றுப் பின்தள்ளிப் போவதால், தாமதமாகத் தூக்கம் வருவதை மட்டும் நோய்க்குறியாகக் கொள்ள வேண்டியதில்லை.

தன்னையே காயப்படுத்திக்கொண்ட தடம் தெரிந்தாலோ, "நான் இல்லாமல் போனால் நல்லது" என்பது போன்ற பேச்சு வந்தாலோ அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஐயம் இருந்தால் நேரடியாகவே கேளுங்கள்: "சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பல பெற்றோர் அஞ்சுகிறார்கள், அப்படி நடப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல பிள்ளைகளுக்கு, அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டதே ஆறுதலாக இருக்கிறது.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மகள் இப்போது உங்களிடம் பேசத் தொடங்கியிருக்கிறாள். விடுமுறை முடிந்து செல்லும் முதல் நாள் இடைவேளையில் யாருடன் இருக்கலாம், எங்கே உட்காரலாம் என்பதை மட்டும் இன்றே அவளோடு சேர்ந்து முடிவுசெய்துவிடுங்கள். நூலகமாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த இடைவேளையை நினைத்துத்தான் அவள் பள்ளிக்குப் போகவே அஞ்சுகிறாள் என்று நினைக்கிறேன்.